காலுக்கும் தரைக்கும் நடுவே

ஒரகடம் பகுதியில் கார்களுக்கான ரப்பர் உதிரிபாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் என் பழைய மாணவர் ஒருவர் வேலை பார்க்கிறார். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒப்பந்த ஊழியர். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அவர் நொண்டிக்கொண்டே எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குள் வந்தார். வலது கணுக்காலில் கட்டு. கையில் ஒரு துணிப்பை.

“என்னப்பா, ஆலையில் ஏதாவது விபத்தா?” என்று பதறிப்போய்க் கேட்டேன்.

“இல்லை சார், பிக்கிள்பால்!” என்றார் வெட்கத்துடன்.

பையிலிருந்து ஒரு ஜோடி காலணிகளை எடுத்து மேசைமீது வைத்தார். “ஓடுவதற்கென்று விற்கிற ஷூ சார். மாதக்கணக்கில் பணம் சேர்த்து வாங்கினேன். பக்கவாட்டில் ஓடிப்போய்ப் பந்தை எடுத்தேன். கால் அப்படியே வெளிப்புறமாக மடங்கிவிட்டது. மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. எங்களுக்குப் போகாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. இவ்வளவு விலை கொடுத்தும் ஏன் சார் இப்படி?”

நான் திருப்பிக் கேட்டேன்: “உன் ஆலையில் ஒரு ரப்பர் வளையத்தை வெளியே அனுப்புமுன் என்னென்ன சோதனை செய்வாய்?”

அவர் விரல்விட்டு எண்ணினார். கடினத்தன்மை, இழுவலிமை, தேய்மானம், வெப்பத்தில் முதிர்ச்சி...

“சரி, இந்தக் காலணிக்கு என்ன சோதனை செய்தாய்?”

சற்று நேரம் பேசவில்லை. பிறகு சிரித்துவிட்டார். “நிறம் பார்த்தேன் சார், விலை பார்த்தேன்.”

நம்மில் பெரும்பாலோர் செய்வதும் இதுதான். காலணியின் விலைச்சீட்டில் உராய்வுக் குணகம் அச்சிடப்படுவதில்லை, திருப்புவிசையும் குறிக்கப்படுவதில்லை. ஆனால் பள்ளி இயற்பியல் பாடம் ஒழுங்காகப் படித்த எவரும் இவற்றைத் தாமே ஓரளவு கண்டறிந்துகொள்ளலாம். எவ்வாறு என்று இக்கட்டுரையில் காண்போம்.

ஆட்டமும் களமும்

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில செய்திகள். பிக்கிள்பால் 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகருக்கு அருகிலுள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்தது. ஜோயல் பிரிச்சர்ட், பில் பெல், பார்னி மெக்கலம் என்னும் மூன்று நண்பர்கள் விடுமுறைப் பொழுதுபோக்காக உருவாக்கிய விளையாட்டு இது. இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் மும்பையைச் சேர்ந்த சுனில் வளவல்கர். அவருடைய முயற்சியால் 2008-இல் அகில இந்தியப் பிக்கிள்பால் சங்கம் தோன்றியது.

களத்தின் நீளம் 44 அடி, அகலம் 20 அடி. இது இறகுப்பந்து இரட்டையர் களத்தின் அளவேயாகும். ஆகவேதான் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பழைய இறகுப்பந்துக் களத்தின்மீதே புதுக் கோடுகள் எளிதாக ஏறிவிடுகின்றன. வலையின் இருபுறமும் 7 அடி அகலத்துக்கு ஒரு தடைப்பகுதி உண்டு. அதற்குள் நின்று, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. வெளியே நின்று அடித்தாலும், அடித்த வேகத்தில் உடல் அப்பகுதிக்குள் சென்றுவிட்டால் அதுவும் தவறே. எனவே கோட்டுக்கு முன் சட்டென்று நிற்கத் தெரிவதுதான் இவ்வாட்டத்தின் உயிர்நாடி. பக்கவாட்டில் இரண்டடி, முன்னே மூன்றடி, உடனே நிறுத்தம், உடனே திருப்பம் என்று கால்கள் ஓயாமல் வேலை செய்கின்றன.

ஓட்டம் வேறு, ஆட்டம் வேறு

நேர்ச்சாலையில் ஓடுபவரின் கால்மீது விசை முக்கியமாக மேலும் கீழுமாகச் செயல்படுகிறது. ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசையைப் பாதம் தாங்க வேண்டியுள்ளது. அதனால் ஓட்டக் காலணியின் குதிகாலுக்கு அடியில் தடித்த, மிருதுவான நுரைமெத்தை வைக்கிறார்கள். நேராக ஓடும்வரை அது நன்மையே.

பக்கவாட்டில் ஓடி நிற்கும்போது கதையே மாறிவிடுகிறது. வலப்புறம் பாய்ந்து வலக்காலை ஊன்றி நிற்பதாகக் கொள்வோம். தரை, காலணியின் அடிப்பகுதியை இடப்புறமாக, அதாவது உடலை நோக்கித் தள்ளுகிறது. கணுக்கால் மூட்டோ அதற்கு மேலே, ஒரு குறிப்பிட்ட உயரத்தில் இருக்கிறது. விசை ஓரிடத்தில், சுழல் அச்சு வேறோரிடத்தில் என்றால் அங்கே திருப்புத்திறன் தோன்றும். இத்திருப்புத்திறன் உள்ளங்காலை உட்புறம் திருப்பி, கணுக்காலை வெளிப்புறமாக மடக்கப் பார்க்கிறது.

இதை எதிர்ப்பது எது? தரை நம்மை மேல்நோக்கித் தள்ளும் செங்குத்து விசைதான். அது காலணியின் வெளி விளிம்பில் செயல்பட்டு, பாதத்தைத் திரும்ப நேராக்க முயல்கிறது. வைக்கோல் ஏற்றிய வண்டி வளைவில் சாய்வதை நினைத்துப் பாருங்கள். பாரம் உயரமாக இருந்தால் சாய்வது எளிது. சக்கரங்களுக்கிடையே அகலம் அதிகமானால் சாய்வது கடினம். காலணிக்கும் இதே விதிதான். உயரம் பகை, அகலம் துணை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணத்தில் ஊன்றிய காலின்மீது செங்குத்து விசை 700 நியூட்டன், பக்கவிசை 500 நியூட்டன் எனக் கொள்வோம். தாழ்ந்த அடியுள்ள ஆடுகளக் காலணியில் கணுக்கால் அச்சு தரையிலிருந்து 10.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது; வெளி விளிம்பு அச்சிலிருந்து 4.5 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது. மடக்கும் திருப்புத்திறன் 500 × 0.105 = 52.5 நியூட்டன்-மீட்டர். தடுக்கும் திருப்புத்திறன் 700 × 0.045 = 31.5 நியூட்டன்-மீட்டர். மீதமுள்ள 21 நியூட்டன்-மீட்டரைக் கெண்டைக்காலின் வெளிப்புறத் தசைகளும் கணுக்காலின் தசைநார்களும் ஈடுகட்ட வேண்டும்.

இப்போது மெத்தை உயர்ந்த ஓட்டக் காலணியை அணிவோம். உயரம் 12 சென்டிமீட்டர், விளிம்பின் தூரம் 4 சென்டிமீட்டர். மடக்கும் திருப்புத்திறன் 60, தடுப்பது 28. தசைகளின் சுமை 32 நியூட்டன்-மீட்டர். ஒன்றரைச் சென்டிமீட்டர் உயரம் கூடி, அரைச் சென்டிமீட்டர் அகலம் குறைந்ததற்கே சுமை ஒன்றரை மடங்காகிவிட்டது! போதாக்குறைக்கு, மிருதுவான நுரை வெளி விளிம்பில் அமுங்கிப் பாதத்தை மேலும் சாய்க்கும்.

கணுக்கால் மடங்குவது கண்ணிமைக்கும் நேரத்துக்குள், ஏறத்தாழ ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும் செயல். ஆபத்தை உணர்ந்த நரம்பு செய்தி அனுப்பி, தசை சுருங்கி இழுப்பதற்கும் அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது. ஆகவே மடங்கத் தொடங்கிய பின் தடுப்பது அரிது. மடங்காத வடிவமே முதல் காப்பு. என் மாணவரின் கேள்விக்கு விடை இதுவே. அவருடைய காலணி மட்டமானது அன்று. வேறு வேலைக்காகச் செய்யப்பட்டது.

பிடிப்பு எவ்வளவு வேண்டும்?

நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும் ஆட்டக்காரர் காலூன்றிச் சறுக்கி நிற்பதாகக் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம், 2 ஆகியவற்றின் பெருக்குத்தொகையால் வகுத்தால் நிற்கும் தூரம் கிடைக்கும். உராய்வுக் குணகம் 0.8 என்றால் தூரம் 57 சென்டிமீட்டர். புழுதி படிந்து குணகம் 0.3 ஆகிவிட்டால் தூரம் 1.53 மீட்டர். ஏறத்தாழ ஒரு மீட்டர் வேறுபாடு. புள்ளியும் போகும், கால் இடறினால் மணிக்கட்டும் போகும்.

பள்ளியில் நாம் படிக்கும் உராய்வு விதிகளை 1699-இல் பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் வகுத்துரைத்தார். உராய்வு விசை செங்குத்து விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும், தொடுபரப்பைப் பொறுத்ததன்று என்பது அவ்விதி. மரத்துக்கும் இரும்புக்கும் இது ஓரளவு பொருந்தும். ரப்பர் மட்டும் இவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை. ரப்பர் மிருதுவானது; தரையின் மேடுபள்ளங்களுக்கேற்ப வளைந்து கொடுக்கிறது. அதன் பிடிப்புக்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது ஒட்டுதல். ரப்பரின் மூலக்கூறுகள் தரையின் மூலக்கூறுகளை நெருங்கித் தொட்டு, மெல்லிய ஈர்ப்பினால் பற்றிக்கொள்கின்றன. வழவழப்பான, சுத்தமான தரையில் இதுவே தலைமை வகிக்கும். இரண்டாவது உள்ளிழப்பு. சொரசொரப்பான தரையில் நகரும்போது ஒவ்வொரு சிறு மேட்டின்மீதும் ரப்பர் அமுங்கி எழுகிறது. அமுங்கும்போது கொடுத்த ஆற்றலை எழும்போது முழுவதும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிவிடுகிறது. அந்த இழப்பே உராய்வாக வெளிப்படுகிறது. ரப்பரின் உராய்வு வேகத்தையும் வெப்பநிலையையும் பொறுத்து மாறுவதையும், அம்மாற்றம் ரப்பரின் இவ்வியல்போடு பிணைந்திருப்பதையும் 1963-இல் கே.ஏ. கிராஷ் என்பவர் சோதனைகள் மூலம் நிறுவினார்.

இந்த அறிவு நம் வட்டாரத்துக்கு அந்நியமானது அன்று. அப்போலோ, ஜே.கே., சியட் ஆகிய நிறுவனங்களின் டயர் ஆலைகள் இப்பகுதியில்தான் இயங்குகின்றன. ஒரகடத்தில் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் என்னும் மையம் வாகனங்களைத் தடங்களில் ஓட்டிச் சோதிக்கிறது. டயருக்குப் பிடிப்பு, தேய்மானம் ஆகிய இரண்டையும் ஒருசேரக் கொடுப்பது எவ்வளவு கடினமோ, காலணியின் அடிப்பாகத்துக்கும் அவ்வளவு கடினம். மிருதுவான ரப்பர் நன்றாகப் பற்றும், விரைவில் தேயும். கடினமான ரப்பர் நீடித்து உழைக்கும், ஆனால் வழுக்கும். காலணியும் ஒருவகையில் காலுக்கு மாட்டிய டயரே.

இதிலிருந்து ஒரு பயனுள்ள விதி கிடைக்கிறது. உள்ளரங்கில் மரத்தரையோ செயற்கை விரிப்போ இருந்தால், இறகுப்பந்துக் காலணியின் மிருதுவான பழுப்பு ரப்பர் அடிப்பாகம் ஏற்றது. வெளிக்களத்தில் சிமெண்டுத் தளத்தின்மீது மணல் கலந்த அக்ரிலிக் பூச்சு பூசியிருப்பார்கள். அது உப்புத்தாளைப் போன்றது. இறகுப்பந்துக் காலணியை அங்கே அணிந்தால் அடிப்பாகம் விரைவில் கரைந்துபோகும். வெளிக்களத்துக்கு டென்னிஸ் காலணியைப் போன்று தடித்த, சற்றே கடினமான அடிப்பாகம் வேண்டும். அதில் மீன் எலும்புபோல் வளைந்து வளைந்து செல்லும் வரிகள் இருந்தால், எத்திசையில் சறுக்கினாலும் ஏதேனும் ஒரு விளிம்பு தரையைப் பற்றும்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் பகலெல்லாம் லாரிகள் ஓடுகின்றன. ஜல்லிப்பொடியும் செம்மண் புழுதியும் காற்றோடு வந்து களங்களில் படிகின்றன. ரப்பருக்கும் தரைக்கும் நடுவே புகும் ஒவ்வொரு துகளும் ஒரு சிறு உருளையாக வேலை செய்கிறது. எவ்வளவு உயர்ந்த காலணியானாலும் துகள்களின்மேல் நின்றால் பிடிப்பு இராது. ஆகவே விளையாடுமுன் களத்தைப் பெருக்குவதும், காலணியின் அடியை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துவதும், சாலையில் வேறு செருப்பு அணிந்து வந்து களத்தில் மட்டும் ஆடுகளக் காலணியை மாட்டுவதும் செலவில்லாத பாதுகாப்புகளாகும். ஈரக்களத்தில் ஆடாமலே இருப்பது நல்லது.

பிடிப்பு மிகுந்தாலும் தீங்கே

அப்படியானால் பிடிப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. ஆட்டத்தில் காலூன்றியபடியே உடலைத் திருப்ப நேர்கிறது. பாதம் தரையில் பூட்டியதுபோல் நின்றுவிட்டால், திரும்பும் உடலின் விசை முழுவதையும் முழங்காலும் கணுக்காலும் தாங்க வேண்டியதாகும்.

வட்டமான ஒரு தொடுபரப்பைத் தரையில் திருப்ப வேண்டிய திருப்புத்திறன், உராய்வுக் குணகம், செங்குத்து விசை, வட்டத்தின் ஆரம் ஆகியவற்றின் பெருக்குத்தொகையில் மூன்றில் இரண்டு பங்காகும். குணகம் 0.8, விசை 600 நியூட்டன் எனக் கொள்வோம். முன்பாதத்தில் 4 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் மட்டும் ஊன்றித் திரும்பினால் 12.8 நியூட்டன்-மீட்டர் போதும். பாதம் முழுவதையும் ஊன்றி, பயன்படும் ஆரம் இருமடங்கானால் 25.6 நியூட்டன்-மீட்டர் தேவை. இதனால்தான் நல்ல ஆடுகளக் காலணிகளில் பெருவிரலின் அடிமேட்டுக்கு நேர் கீழே வட்ட வடிவில் வரிகள் அமைக்கிறார்கள். குதிகாலைச் சற்று உயர்த்தி முன்பாதத்தில் திரும்பக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளரும் இயற்பியலைத்தான் கற்பிக்கிறார்.

மெத்தையும் அதன் விலையும்

மெத்தையே வேண்டாமா? வேண்டும். காலணிகளின் அதிர்ச்சி தாங்கும் திறனைச் சோதிக்க ஏறத்தாழ 8.5 கிலோகிராம் எடையை 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குதிகால் பகுதியின்மீது விழச் செய்யும் முறை ஒன்று உண்டு. மெத்தை 1 சென்டிமீட்டர் அமுங்கி அதை நிறுத்தினால் சராசரி விசை சுமார் 500 நியூட்டன். அரைச் சென்டிமீட்டரே அமுங்கினால் விசை சுமார் 916 நியூட்டன். நிறுத்தும் தூரம் கூடினால் விசை குறையும். பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்வதன் தத்துவமே இது.

ஆனால் அதிகமாக அமுங்க வேண்டுமானால் மெத்தை தடிமனாக இருக்க வேண்டும். தடிமன் கூடினால் உயரம் கூடும். உயரம் கூடினால் கணுக்கால் மடங்கும். ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆடுகளக் காலணி செய்பவர் மெத்தையைக் குறைத்து, அகலத்தைக் கூட்டி, பக்கச் சுவர்களை உறுதியாக்கி ஒரு நடுவழியைக் காண்கிறார்.

ஆய்வுக்கூடங்களில்

காலணித் தொழில் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. ஆம்பூர், இராணிப்பேட்டை ஊர்களின் தோல் தொழில் உலகறிந்தது. செய்யாறு சிப்காட்டில் உலகச் சந்தைக்கான விளையாட்டுக் காலணிகள் தயாராகின்றன. சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1986-இல் நிறுவப்பட்ட காலணி வடிவமைப்பு மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் சென்னை வளாகம், நம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில்தான் அமைந்துள்ளது. கார் ஆலைகளுக்கு நடுவே காலணி வடிவமைப்பும் ஒரு பட்டப்படிப்பு என்பதை நம் மாணவர்கள் அறிந்திருப்பது நலம்.

இத்தகைய ஆய்வுக்கூடங்களில் காலணிகளைப் பல சோதனைகளுக்கு உட்படுத்துவார்கள். கடினத்தன்மையை அளக்க ஷோர் ஏ என்னும் அளவுமானி பயன்படுகிறது. சுருள்வில் தள்ளும் ஒரு சிறு முனை ரப்பருக்குள் எவ்வளவு பதிகிறது என்பதை அது காட்டும். முழுவதும் பதிந்தால் 0. சிறிதும் பதியாவிட்டால் 100. ரப்பர் பேண்டு சுமார் 30, டயரின் மேற்பரப்பு சுமார் 60 முதல் 70 வரை. தேய்மானத்துக்கு, உப்புத்தாள் சுற்றிய உருளையின்மீது ரப்பர் துண்டை 10 நியூட்டன் விசையுடன் அழுத்தி 40 மீட்டர் தூரம் தேய்க்கிறார்கள். எத்தனை கன மில்லிமீட்டர் குறைந்தது என்று கணக்கிடுகிறார்கள். அடிப்பாகத்தை ஆயிரக்கணக்கான முறை வளைத்து வெடிப்பு விழுகிறதா என்று பார்ப்பதும், மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள ஒட்டு எவ்வளவு விசையில் பிரிகிறது என்று இழுத்துப் பார்ப்பதும் வேறு இரண்டு சோதனைகள். என் மாணவர் இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, “சார், இதில் பாதி நான் தினமும் செய்கிற வேலை!” என்றார்.

நீங்களே செய்யத்தக்க சோதனைகள்

ஆய்வுக்கூடம் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பின்வரும் சோதனைகளுக்கு ஒரு சுருள்வில் தராசே போதும். பயணப்பெட்டியை எடைபோடும் தொங்கு தராசும் உதவும்.

இழுவைச் சோதனை: காலணிக்குள் மணல் அல்லது அரிசிப் பொட்டலங்களை இட்டு மொத்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். களத்தில் வைத்து, அடிப்பாகத்தை ஒட்டித் தாழ்வாகக் கயிறு கட்டி, தராசைக் கிடைமட்டமாக மெல்ல இழுங்கள். காலணி நகரத் தொடங்கும்போது தராசு காட்டும் அளவை மொத்த எடையால் வகுத்தால் உராய்வுக் குணகம் கிடைக்கும். மொத்த எடை 4 கிலோகிராம், இழுப்பு 3 கிலோகிராம் என்றால் குணகம் 0.75. முதலில் சுத்தமான களத்தில் செய்யுங்கள்; பிறகு ஒரு சிட்டிகைப் புழுதியைத் தூவிச் செய்யுங்கள்; பிறகு அடியைத் துடைத்துவிட்டு மீண்டும் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்து சராசரி காணுங்கள். நீளவாட்டிலும் பக்கவாட்டிலும் தனித்தனியே இழுத்துப் பார்க்க மறவாதீர்கள். நமக்குப் பக்கவாட்டு அளவே முக்கியம். உண்மையான ஆட்டத்தில் எடையும் வேகமும் மிக அதிகம். ரப்பரோ அவற்றுக்கேற்ப மாறும் இயல்புடையது. ஆகவே இந்த எண்ணை இறுதி உண்மையாகக் கொள்ளாமல், ஒரு காலணியை இன்னொன்றோடு ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

முறுக்குச் சோதனை: இதைக் கடையிலேயே செய்யலாம். ஒரு கையால் குதிகாலையும் மறு கையால் முன்பகுதியையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்குங்கள். நன்றாக முறுங்கினால் அது ஆடுகளத்துக்கு ஏற்றதன்று.

மடிப்புச் சோதனை: நுனியையும் குதிகாலையும் நெருக்கி அழுத்துங்கள். விரல்கள் மடியும் இடத்தில் காலணி மடிய வேண்டும். நடுவில் மடிந்தால் பாதத்தின் வளைவுக்குத் தாங்கல் இல்லை என்று பொருள்.

குதிச்சுவர்ச் சோதனை: குதிகாலைச் சுற்றியுள்ள பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அட்டைப்பெட்டிபோல் உள்ளே குழிந்துவிட்டால் விட்டுவிடுங்கள்.

மேசைச் சோதனை: காலணியை மேசைமீது வைத்துப் பின்புறமிருந்து பாருங்கள். அடிப்பாகம் மேல்பாகத்தைவிட வெளிப்புறம் சற்று அகன்றிருக்க வேண்டும். உட்புறம் குறுகியிருந்தால் நாம் போட்ட கணக்கை நினைவுகொள்ளுங்கள்.

காலுக்கேற்ற அளவு

பிடிப்பு பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடும் இன்னொரு பரப்பு உண்டு. தரைக்கும் காலணிக்கும் இடையே உராய்வு இருப்பதுபோல், காலணிக்கும் பாதத்துக்கும் இடையிலும் உராய்வு தேவை. தளர்ந்த காலணி தரையைப் பற்றி நின்றுவிடும். உள்ளே பாதம் மட்டும் நழுவி விளிம்பில் ஏறிவிடும். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியில்தானே இருக்கிறது!

நம் நாட்டில் நெடுங்காலமாக ஆங்கிலேய, ஐரோப்பிய, அமெரிக்க அளவுமுறைகளே வழங்கி வந்தன. இந்தியர்களின் பாதம் பொதுவாக அவற்றைவிட அகன்றது. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. அதன் அடிப்படையில் ‘பா’ என்னும் இந்திய அளவுமுறை உருவாக்கப்பட்டது. அகலம் போதாமல், நீளம் கூடிய காலணியை வாங்கி, விரல் முனையில் வெற்றிடத்தோடு ஆடுபவர்கள் நம்மிடையே பலர். இதுவும் ஆபத்தே.

மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அப்போது, விளையாடும்போது அணியும் காலுறையோடு அளவு பாருங்கள். காகிதத்தின்மீது நின்று பாதத்தின் சுற்றுக்கோட்டை வரைந்து, கத்தரித்துக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். காலணியின் உள்ளே போடும் அட்டையை வெளியே எடுத்து அதன்மேல் வையுங்கள். அகலத்தில் காகிதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் காலணி உங்களுக்குரியது அன்று. நுனியில் கட்டைவிரல் அகலத்தில் பாதியளவு இடம் இருக்கலாம். குதிகால் மட்டும் அசையக் கூடாது.

பெட்டியில் உறங்கும் காலணி

விலையுயர்ந்த காலணியைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருந்து, சில ஆண்டுகள் கழித்து எடுத்து அணிந்தவுடன் அடிப்பாகம் புட்டுப்போல் உதிர்ந்த அனுபவம் பலருக்கு இருக்கும். பாலியூரித்தேன் என்னும் நுரைப்பொருளில் ஒருவகை, காற்றிலுள்ள ஈரப்பதத்தோடு வினைபுரிந்து மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபட்டுப் போகிறது. இதை நீராற்பகுப்பு என்பர். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் கரையோர மாவட்டங்களில் இவ்வினை விரைவாக நடக்கும். ஆகவே காலணியை வாங்கினால் பயன்படுத்துங்கள், காற்றோட்டமாக வையுங்கள், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள். பெருவிரலுக்கு அடியில் வரிகள் தேய்ந்து வழவழப்பானாலோ, தட்டையான தரையில் வைத்தால் ஒருபுறம் சாய்ந்து நின்றாலோ அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

கட்டு அவிழ்ந்த பின் என் மாணவர் மீண்டும் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். நண்பர்களிடமிருந்து இரவல் வாங்கிய நான்கு ஜோடிக் காலணிகளும் ஒரு தொங்கு தராசும் அவர் கையில் இருந்தன. எங்கள் இளங்கலை மாணவர்களோடு சேர்ந்து மாலை முழுவதும் இழுத்தார், முறுக்கினார், அட்டவணை எழுதினார். முடிவில் அவர் தேர்ந்தெடுத்த வகை, அவருடைய பழைய காலணியைவிட விலை குறைந்தது, தாழ்ந்தது, அகன்றது. பார்ப்பதற்கு அவ்வளவு பகட்டாகவும் இல்லை.

பழையதை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். “காலையில் ஓடப் போகிறேன் சார். அது அதற்குத்தானே?” என்றார்.

காலணி ஒன்றினால் மட்டும் கால் பிழைத்துவிடாது. உடலைச் சூடாக்கிக்கொள்ளும் பயிற்சியும், சுத்தமான களமும், காயம்பட்டால் உரிய மருத்துவரை நாடுவதும் வேண்டும். ஆயினும் ஒரு தராசும் சிறிது பொறுமையும் மூன்று வாரக் கூலியைக் காப்பாற்றும் என்றால், அந்தத் தராசை எடுப்பதில் என்ன தயக்கம்? வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக் காலணிகளில் ஒன்றை இழுத்துப் பாருங்கள். கிடைக்கும் எண் உங்களுக்கு வியப்பளிக்கலாம்.